தேர்வு மையத்தில் ரேகை விழ, வெளியே ரேகை கசியாமல் இருக்க

தேர்வு மையத்தில் விரல் வைக்கச் சொன்னால் அது இரண்டில் ஒன்று. தேர்வு நடத்துபவர்கள் தங்கள் பதிவுக்காக எடுத்து வைப்பது முதல் வகை. ஐபிபிஎஸ் வங்கித் தேர்வில் இப்படி எடுத்ததைப் பிற்பாடு நேர்காணலிலும் பணியில் சேரும் நாளிலும் ஒப்பிடுவார்கள். இரண்டாவது வகை, ஆதார் சர்வரில் கேட்டு "ஆம், இவர்தான்" என்று பதில் வாங்குவது. மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி 2025 மே முதல் இதை விருப்பத்தின் பேரில் வைத்திருக்கிறது. உங்கள் தேர்வு எந்த வகை என்று அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள். செய்ய வேண்டிய தயாரிப்பு வேறு வேறு.

இந்தக் கெடுபிடியைத் தேவையில்லாதது என்று தள்ளவும் முடியாது. 2019ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெடித்த நீட் ஆள்மாறாட்ட விவகாரம் மதுரைக்காரர்களான நமக்குப் பக்கத்து ஊரில் நடந்ததுதான்.

முதலில் விரலைக் கவனியுங்கள். நீட் மே முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும். சித்திரைத் திருவிழாவும் கல்யாண முகூர்த்தங்களும் அதே பருவத்தில்தான். கோன் மருதாணியை விரல் நுனியில் வைக்காதீர்கள். ரேகைப் பள்ளங்களில் பூச்சு படிந்தாலும், நுனி முழுக்கக் கறுத்துவிட்டாலும் கருவி தடுமாறும். உள்ளங்கையோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், சாயத்தில் கை வைக்கிறவர்கள், சிமெண்ட் வேலைக்குப் போகிறவர்கள், சோப்புத் தண்ணீரில் பாத்திரம் துலக்குகிறவர்கள், இவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே அந்த வேலைகளில் கையுறை போடுங்கள், இரவில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தேர்வன்று காலையில் சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வரிசையில் நிற்கும்போது சானிடைசர் வேண்டாம், தோலை வறட்டிவிடும்.

ஆதார் வகைத் தேர்வு என்றால் இன்னொன்றையும் சரிபார்க்கணும். ஐந்து வயதில் எடுத்த ரேகையை 15 வயதில் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயது வரை அதற்குக் கட்டணம் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் விரல் சுத்தமாக இருந்தும் பொருந்தாது. ரேஷன் கடையில் உங்கள் விரல் உடனே விழுகிறதா என்று பாருங்கள், அதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

மையத்தில் கட்டைவிரலை நுனியால் குத்தாமல், நடுச்சுழி கண்ணாடியின் நடுவில் வரும்படி படுக்க வையுங்கள். அதிகம் அழுத்தினால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வியர்வை என்றால் துடைத்துவிட்டு வையுங்கள். காய்ந்த விரல் என்றால் நெற்றியில் ஒரு தேய்ப்பு போதும், அந்த எண்ணெய்ப் பசையில் பிடித்துவிடும். முந்தைய ஆளின் வியர்வை கண்ணாடியில் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். அப்படியும் விழவில்லை என்றால் வேறு விரலை எடுக்கச் சொல்லலாம். விரலில் காயம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்விரல் ரேகைகூட எடுக்கலாம் என்று ஐபிபிஎஸ் அறிவுரையிலேயே இருக்கிறது. எதுவுமே விழாவிட்டால் கண்காணிப்பாளரிடம் அதை எழுத்தில் பதியச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். நீட்டுக்கு 1.30 மணிக்கு வாசல் மூடிவிடும், மேலூர், திருமங்கலம் பக்கத்து மையம் என்றால் பஸ் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இனி அந்தரங்கம். மையத்து ஸ்கேனரைவிட நாம் பயப்பட வேண்டியது விண்ணப்பம் போடுகிற பிரவுசிங் சென்டரைத்தான். ஐபிபிஎஸ் விண்ணப்பத்துக்கு இடது கட்டைவிரல் ரேகைப் படம் வேண்டும்: வெள்ளைத்தாளில் கறுப்பு அல்லது நீல மை, 240க்கு 240 பிக்சல், 20 முதல் 50 கேபி. அந்தப் படமும் ஆதார் நகலும் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் சேர்ந்தே கிடக்கும். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை, இந்த மூன்றும் இருந்தால் ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ரேகைப் படத்திலிருந்து போலி விரல் அச்சு செய்து பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் பல இருக்கின்றன. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது.

அதனால் ரேகைப் படத்தைச் சொந்த போனில் எடுத்து, அளவைக் குறைத்து, பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டாம். வேலை முடிந்ததும் கோப்புகளை ரீசைக்கிள் பின் வரைக்கும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். அடையாளத்துக்கு நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைத்த மாஸ்க்டு ஆதாரை ஏற்பார்களா என்று பாருங்கள். நீட் போன்ற தேர்வுகளுக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிவிப்பில் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இருந்தால் அதைக் கொடுங்கள். மையத்தில் யாராவது சொந்த போனில் உங்கள் ஹால் டிக்கெட்டைப் படம் எடுத்தால், "எதற்குங்க சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. வெற்றுத்தாளில் மட்டும் கைநாட்டு வைக்காதீர்கள்.

ஆதார் ஆப்பிலோ மை ஆதார் தளத்திலோ பயோமெட்ரிக் பூட்டை, அதாவது உங்கள் ரேகையை வைத்து ஆதாரில் யாரும் சரிபார்க்க முடியாதபடி தடுக்கும் வசதியை, போட்டு வையுங்கள். முதல் வகைத் தேர்வை இந்தப் பூட்டு பாதிக்காது. ஆதார் வகைத் தேர்வுக்கு மட்டும் சிக்கல்: தற்காலிகத் திறப்பு 10 நிமிடம்தான் நிற்கும், போனையோ உள்ளே விடமாட்டார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பூட்டை முழுதாக எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் போடுங்கள். ரேஷன் வாங்கப் போகும்போதும் பூட்டு நினைவிருக்கட்டும்!

2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் வந்தன, ஆனால் நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை சட்டத்தை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. தேர்வு முடிந்த வாரம் மை ஆதாரில் அங்கீகார வரலாற்றைத் திறங்கள். கடந்த ஆறு மாதம் யார் கேட்டார்கள் என்று தெரியும். புரியாத பதிவு இருந்தால் ஆதார் உதவி எண் 1947. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930, அப்படியே வங்கிக்கும் எழுத்தில் புகார். மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால், உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியில் இழப்பு உங்கள் தலையில் விழக்கூடாது என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு.