பிரெஞ்சு டிஃபென்ஸில் எங்கே சறுக்குகிறோம்?

2024 நவம்பர் 25, சிங்கப்பூரின் செந்தோசா. உலகச் செஸ் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் வெள்ளையில் குகேஷ் இ4 (இ வரிசையின் நான்காம் கட்டம்) ஆட, அப்போதைய சாம்பியன் டிங் லிரென் இ6 என்று பதில் ஆடிப் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்குக்கு (ஆட்டத் தொடக்க முறைக்கு) போனார். 42 நகர்வில் வெற்றி டிங்குக்கு. நம் ஊரிலேயே நடந்த ஆட்டம். அதைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சு ஆட ஆசைப்படாத பிள்ளை உண்டா? சரி, ஆடட்டும்.

கறுப்பில் ஆடுபவர்கள் அதிகம் செய்யும் தவறு, சி சிப்பாய்க்கு முன்னால் குதிரையைச் சி6-இல் நிறுத்துவது. வெள்ளை இ5 தள்ளியதும் நடுப்பலகை இறுகிவிடும். அந்த இ5 சிப்பாயைத் தாங்குவது டி4 சிப்பாய். சி5 ஆடி அதை இடிக்காவிட்டால் கறுப்புக்கு மூச்சு முட்டும். சி8 பிஷப் வேறு இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. முதலில் சி5, அப்புறம் குதிரை.

வெள்ளையின் சறுக்கல் வேறு. மனப்பாடம் செய்த வரிசையில் இல்லாத நகர்வு வந்தால் அதை மட்டமாக நினைத்து, யோசிக்காமல் பதில் ஆடுவது. அந்த முதல் ஆட்டத்தில் டிங் 7-வது நகர்வில் ஏ5 ஆடினார். ஓரச் சிப்பாய்தானே என்று தோன்றும். 11-வது நகர்வில் அது ஏ3-இல் வந்து குத்திக்கொண்டு நின்றது. இடையே குகேஷ் ராஜாவை நடுவில் வைத்துக்கொண்டே ஜி4 தள்ளினார். புதிதாக ஆடுபவர்களுக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். தோற்றாலும் மீண்டு வந்து பட்டம் வெல்லும் தெம்பு அவருக்கு இருந்தது, நமக்கு?

டிராவை நினைத்துக்கொண்டு காய்களை மாற்றுவதும் ஆபத்து. அதே போட்டியின் 14-வது ஆட்டத்தில் டிங் 55-வது நகர்வில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். அந்த மாற்றத்தையும் டிங்கால் தவிர்க்க முடியவில்லை. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58-வது நகர்வோடு முடிந்தது.

இன்னொன்று, ஓப்பனிங்குக்குச் சம்பந்தமில்லாதது: நகர்வைத் தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஆடும் பழக்கம். டிரா கோரும் நேரம் தவிர ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதி அதை அனுமதிப்பதில்லை. நடுவர் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்வார், அதற்குள் பிள்ளையின் கவனம் சிதறிவிடும்.