மழை நாளில் ஆற்றங்கரையில் ஆய்வுக்கு இடம் பார்ப்பது எப்படி?

நான் நீர்நாய்களைத் தேடி ஆறு ஆறாக நடப்பவள். இடம் பார்க்க வெயில் நாள்தான் வசதி என்று தொடக்கத்தில் நானும் நினைத்தேன். அப்படி ஒரு நாளில், மரமொன்றில் இடுப்பு உயரத்துக்குக் கேமரா ட்ராப்பை, அதாவது விலங்கு எதிரே வந்தால் தானே படமெடுக்கும் கேமராவை, கட்டிவிட்டு வந்தேன். ஒரு பெருமழை கழித்துப் போனபோது மரத்தில் கேமராவைக் கட்டிய வார் மட்டும் இருந்தது. அண்ணாந்து பார்த்தால், என் தலைக்கு மேலே கிளைக் கவட்டில் செத்தை. அதில் பாதி வெளுத்து உதிரும் நிலையில் இருந்தது, பழைய வெள்ளங்களில் சிக்கியது. நான் கேமரா கட்டிய அன்றும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

அதன்பிறகு, மழை நாளில் ஒரு தடவையாவது போய்ப் பார்க்காமல் எந்த இடத்தையும் நான் முடிவு செய்வதில்லை. அன்றைக்குப் பார்க்க வேண்டியது விலங்கை அல்ல, ஆற்றை.

கிளம்பும் முன் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது, நாம் நிற்கப்போகும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றின் மேல்பகுதியில் மழை உண்டா, அணை இருந்தால் தண்ணீர் திறக்கிறார்களா என்பதுதான் முக்கியம். தனியாகப் போகாதீர்கள். எந்தக் கரையில் நடக்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலோ முகாமிலோ ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். போன கரையிலேயே திரும்ப வேண்டும், ஆற்றைக் கடக்கவே கூடாது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நடுவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பேன். விளிம்பு குச்சியைத் தாண்டினால் மேட்டுக்கு ஏறிவிடுவேன். குச்சிக்கு முன்பே ஆறு சொல்லும் அடையாளங்களும் உண்டு: தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் சட்டென்று வற்றினால் இன்னும் எச்சரிக்கை தேவை. மேலே எங்காவது அடைத்துக்கொண்டிருக்கலாம், அது உடைந்தால் மொத்தமாக வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. வேலையை நிறுத்திப் பாதுகாப்பான கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப வேண்டாம்.

இனி, எதைக் குறித்துக்கொள்வது? செத்தை சிக்கியிருக்கும் உயரம், பாறையில் படிந்த வண்டல் கோடு, வெள்ளத்திலும் நீர் அடங்கிக் கிடக்கும் மடு, விலங்கு கரையேற வாகான சரிவு. இவற்றோடு மழை படாத இடங்களையும் குறியுங்கள்: பாலத்தின் அடி, குடைந்த பாறையின் கீழ், பெரிய வேர்களின் இடுக்கு. நாம் தேடும் தடயமான நீர்நாய் எச்சத்தை (மலத்தை) மீன் செதில், நண்டு ஓடு, மீன் வாடை ஆகியவற்றால் அடையாளம் காணலாம். திறந்த பாறையில் இருப்பதை ஒரே மழை கழுவிவிடும், இந்த மறைவிடங்களில்தான் அது தப்பும்.

ஆகவே மழை நாளில் தடயம் கிடைக்காவிட்டால் குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘தேட முடியவில்லை’ என்று எழுதுங்கள். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றாவிட்டால், விலங்கு வாழும் ஆற்றையே வெற்று ஆறு என்று பதிந்துவிடுவோம். நீர் வடிந்து, புது எச்சம் சேரச் சில நாள் விட்டு, மறுபடி நடக்க வேண்டும். நீர்நாய்க் கணக்கெடுப்பில் கரையோரம் 600 மீட்டர் தேடுவது பரவலான வழக்கம்.

நனைந்த கையில் கைபேசித் திரை சொன்னபடி கேட்காது. பென்சிலும் நீர் புகாத தாளும் போதும். கை கால்களில் கீறல் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

கேமராவை அன்றே கட்ட வேண்டாம். வெள்ளக் கோட்டுக்கு மேலே மரத்தைத் தேர்ந்து குறித்துவிட்டு வாருங்கள். கேமராவின் உணரி, விலங்கின் உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் இயங்குகிறது. நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய நீர்நாயின் ரோமம் குளிர்ந்திருப்பதால் அதைத் தவறவிடும். எனவே விலங்கு ஏறும் விளிம்பை நோக்கி வைக்காமல், அது உடலை உலர்த்திப் புரளும் மணல் திட்டை நோக்கி வையுங்கள்.