பத்தாயிரம் ரூபாயில் ஆன்லைன் துணி வியாபாரம்

முதலில் ஒரே ரகம், உதாரணத்துக்கு காட்டன் நைட்டி. புடவை, சுடிதார், டி-ஷர்ட் என்று எல்லாவற்றிலும் கை வைத்தால் போட்ட பணம் மூட்டை மூட்டையாக வீட்டில் முடங்கிவிடும்.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றி சில்லறை விலையைப் பாருங்கள். கொள்முதலுக்குப் பாரிமுனை கோடவுன் தெரு. ஆறாயிரத்துக்கு மேல் சரக்கில் போடாதீர்கள்.

வாங்கியதில் ஒன்றைத் துவைத்து, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். 54 அங்குல நீளம் 52 ஆகச் சுருங்கினால் அதையும் விற்பனைப் பதிவில் எழுதிவிடுங்கள். எல், எக்ஸ்எல் எல்லாம் கடைக்குக் கடை மாறும். நைட்டியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. அளவு பொருந்தாமல்தான் பல பார்சல்கள் திரும்பும்.

போட்டோவுக்கு மொட்டை மாடி நிழல் போதும். டியூப்லைட்டில் மெரூன் பழுப்பாகிவிடும், அப்புறம் சண்டைதான்.

கணக்கு இப்படி: கொள்முதல் 180, கவர் 5, கூரியர் 60 என்றால் அடக்கம் 245. 299-க்கு விற்றால் மிச்சம் 54. ஒரு பார்சல் போய்த் திரும்பினால் கூரியருக்கே 120. இரண்டு நைட்டி லாபம் காலி. அதனால் ஆரம்பத்தில் பார்சல் கைக்குப் போனபின் காசு என்பது வேண்டாம், யுபிஐயில் முன்கூட்டியே பணம் வாங்கி அனுப்புங்கள். அட்டைப்பெட்டியும் வேண்டாம்: நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வரும் எண்ணையே கிலோ எடையாக வைத்துக் கட்டணம் போடும் கூரியர்கள் உண்டு; பெட்டி பெரிதானால் செலவும் கூடும்.

வெளிமாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.