நாளைக்கு எத்தன பாக்கெட் மாவு? எக்செல்ல கணக்குப் போட்டுப் பாக்குறது எப்படி

எங்க அத்த மதுரை வில்லாபுரத்துல இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறாங்க. இன்னைக்கு ஊறப் போட்டு அரைச்சாத்தான் நாளைக்கு விக்க முடியும், அதனால தெனமும் விடிஞ்சா ஒரே கேள்விதான், எம்புட்டு அரிசி போடணும். கூட அரைச்சா புளிச்சுப் போகும், கொறைச்சு அரைச்சா வாடிக்கை அடுத்த கடைக்குப் போயிரும். ப்ரெடிக்டிவ் அனலிட்டிக்ஸ்னு, அதாவது பழைய கணக்க வச்சு வரப்போறதக் கணிக்கிறதப் பத்தி, கோட்டு போட்டவங்க பேசுறதுல பெரும்பாதி இந்தக் கேள்விதாங்க, அவங்களுக்கு மாவுக்குப் பதிலா சோப்பு, சிமெண்டு, அவ்ளோதான்.

மொதல்ல டேட்டா. அத்த தெனசரி காலண்டர் தாளக் கிழிச்சு அதோட பின்னாடி அன்னைக்கு வித்த கணக்க எழுதி கம்பியில குத்தி வச்சிருந்தாங்க, ரெண்டு வருசத்துக்கு. நான் அத எக்செல்ல ஏத்த உக்காந்தப்பதான் பாத்தேன், பின்னாடி விற்பனை, முன்னாடி அமாவாசை, கிருத்திகை, முகூர்த்தம் எல்லாமே இருக்கு. இதவிட நல்ல டேட்டாவ எந்த சாஃப்ட்வேரும் குடுக்காது. உங்க கடையில டேலின்னு கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் இருந்தா எக்செல்லுக்கு எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம், ஆனா அமாவாசை கட்டத்த நீங்கதான் கையால போடணும்.

தேதி அடிக்கும்போது உஷார். என் லேப்டாப் அமெரிக்கா செட்டிங்ல இருந்துச்சு, நான் 05/04னு ஏப்ரல் 5ஐ அடிச்சா அது மே 4னு எடுத்துக்கிருச்சு, 12ஆம் தேதிக்கு மேல உள்ளதெல்லாம் தேதியாவே ஏத்துக்காம கட்டத்துல இடது பக்கமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்படி இடது பக்கம் ஒட்டி நின்னா கோளாறுன்னு அர்த்தம். எனக்கு இது தெரியாம ரெண்டு நாள் வீணாப் போச்சு.

இப்ப முக்கியமான விசயம், நெறைய பேரு கோட்டை விடுறது இங்கதான். 180 பாக்கெட் போட்டு 180ம் சாயங்காலம் 7 மணிக்கே தீந்து போச்சுன்னா அன்னைக்குத் தேவை 180 இல்ல, அதுக்கு மேல, எம்புட்டு மேலன்னுதான் தெரியல. அத 180னே வச்சு மாடலுக்கு, அதாவது பழச வச்சு நாளையக் கணிக்கிற கணக்குக்கு, குடுத்தா அது காலம் பூரா கொறைச்சே சொல்லும், நீங்க கொறைச்சே அரைப்பீங்க, மறுபடி தீந்து போகும், சுத்திச் சுத்தி அதுதான். அதனால தீந்த நேரத்த ஒரு கட்டத்துல எழுதுங்க. மத்த நாள்ல 7 மணிக்குள்ள 80 சதவீதம் வித்துருதுன்னா, 180ஐ 0.8ஆல வகுங்க, 225 வரும், உத்தேசந்தான், ஆனா 180ஐ விட உண்மைக்குக் கிட்ட. அந்த நாளையே தூக்கிப் போட்டுறலாமேன்னு தோணும், வேணாம், நல்லா போன நாளா பாத்துத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிரும்.

அடுத்து, எந்த சாஃப்ட்வேரையும் தொடாம ஒரு கணிப்பு போடுங்க: வர்ற சனிக்கிழமைக்கு போன சனிக்கிழமை வித்தது. அம்புட்டுதான். இத தோக்கடிக்க முடியாத மாடல் எதுவா இருந்தாலும் குப்பையில போடலாம். சோதிக்கிறதுக்கு கடைசி 60 நாள மறைச்சு வச்சுட்டு அதுக்கு முந்துன டேட்டாவ மட்டும் குடுங்க, நடுவுல அங்கங்க உருவி எடுக்காதீங்க, நாளைக்கு நடக்கப்போறத முன்கூட்டியே காட்டிக் குடுத்த கதையாயிரும். கணிப்புக்கும் நெசத்துக்கும் உள்ள வித்தியாசத்த பிளஸ் மைனஸ் பாக்காம கூட்டி 60ஆல வகுத்தா சராசரி தப்பு வந்துரும்.

எக்செல் 2016ல இருந்து ஃபோர்காஸ்ட் டாட் ஈடிஎஸ்னு (FORECAST.ETS) ஒரு ஃபார்முலா இருக்கு. மொதல்ல கணிக்க வேண்டிய தேதி, அப்புறம் விற்பனை கட்டம், அப்புறம் தேதி கட்டம், கடைசியா 7, வாரத்துக்கு ஏழு நாளுங்கறதுக்காக. கடை லீவு விட்ட நாளுக்கு சைபர் போடாதீங்க, அந்த வரியவே விட்டுருங்க, 30 சதவீதம் வரைக்கும் விடுபட்டத அதுவே பக்கத்து நாள வச்சு நிரப்பிக்கும்.

ஆனா இதுக்கு சனி ஞாயிறு தெரியும், அமாவாசை தெரியாது. விரதக்காரங்க வீட்டுல அன்னைக்கு ராத்திரி டிபன்தானே, மாவு பறக்கும். அமாவாசை சுமார் 29.5 நாளைக்கு ஒருக்கா வருது, ஏழுக்குள்ளயும் அடங்காது இங்கிலீஷ் மாசத்துக்குள்ளயும் அடங்காது. சித்திரைத் திருவிழா இன்னும் மோசம், அழகர் ஆத்துல எறங்குனது 2023ல மே 5, 2024ல ஏப்ரல் 23, 2025ல மே 12. போன வருசம் இதே மாசம்னு பாத்தா ஏப்ரலுக்கும் மேக்கும் மாறி மாறி ஏமாறுவீங்க. வீடு பூரா சொந்தக்காரங்க வந்து எறங்கியிருக்க நேரம் அது.

அதுக்கு ரெக்ரெஷன், ஒவ்வொரு காரணமும் விற்பனைய எம்புட்டு ஏத்துது எறக்குதுன்னு தனித்தனியாப் பிரிச்சுச் சொல்ற கணக்கு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போயி அனாலிசிஸ் டூல்பேக்க டிக் பண்ணுனா டேட்டா டேப்ல டேட்டா அனாலிசிஸ்னு வரும், அதுக்குள்ள ரெக்ரெஷன் இருக்கும். அமாவாசைன்னா 1 இல்லாட்டி 0, திருவிழாவுக்கு ஒரு கட்டம், மழைக்கு ஒண்ணு, கிழமைக்கு ஆறு கட்டம். ஆறுதான், ஏழு போட்டா கணக்கு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், விட்ட கிழமைய வச்சுத்தான் மத்தது எல்லாத்தையும் அளக்குது. எல்லாக் கட்டமும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், 16க்கு மேல ஏத்துக்காது. மழை கட்டத்த வச்சு நாளைக்குக் கணிக்கணும்னா நாளைக்கு மழை வருமான்னு இன்னைக்கே தெரியணும், அத மறந்துறாதீங்க. ரிசல்ட்ல அமாவாசைக்கு நேரா 38னு வந்தா மத்த நாளவிட சுமாரா 38 பாக்கெட் கூடப் போகும்னு அர்த்தம், பக்கத்துலயே லோயர், அப்பர்னு ரெண்டு நம்பர் இருக்கும், நெசம் அதுக்கு நடுவுல எங்கயாவது இருக்கலாம்னு அர்த்தம், அது 5ல இருந்து 71 வரைக்கும் விரிஞ்சு கெடந்தா 38அ ரொம்ப நம்பாதீங்க, வருசத்துக்கு 12, 13 அமாவாசைதானே.

எஸ்பிஎஸ்எஸ், சாஸ்னு புள்ளிவிவர சாஃப்ட்வேருங்க இருக்கு, அதெல்லாம் காசு, ஒரு கடைக்குத் தேவையே இல்ல. அதே மாதிரி ஜமோவின்னு ஒண்ணு ஓசி, கிளிக் பண்ணியே ஓட்டலாம். கோடு எழுத வருமுன்னா ஆர் இருக்கு, நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல ரெண்டு வாத்தியாருங்க ஆரம்பிச்சது, அதுவும் ஓசி. ஃபேஸ்புக்காரங்க 2017ல விட்ட ப்ராஃபெட்டுன்னு ஒரு கணிப்பு சாஃப்ட்வேர்ல திருவிழா தேதிய தனி லிஸ்ட்டாவே குடுக்கலாம், பத்துப் பதினஞ்சு கடைக்கு சப்ளை பண்றவங்க அதப் பாருங்க.

கணிப்பு 200னு வந்துருச்சு, சரி, 200ஏ அரைக்கிறதா? இல்ல. ஒரு பாக்கெட் அடக்கம் 28, விலை 40ன்னு வைங்க, மிஞ்சுனா மறுநாள் பணியாரத்துக்குன்னு 20க்குப் போகும். பத்தாமப் போனா 12 ரூபா லாபம் போச்சு, மிஞ்சுனா 8 ரூபா நட்டம். 12ஐ, 12ம் 8ம் கூட்டுன 20ஆல வகுத்தா 0.6, அதாவது பத்துல ஆறு நாளு பத்துற அளவுக்கு அரைக்கணும். மறைச்சு வச்ச அந்த 60 நாளுக்கும் நெசத்துல இருந்து கணிப்பக் கழிச்சு, அந்த வரிசைக்கு பெர்சன்டைல் ஃபார்முலாவுல 0.6 போடுங்க, வர்ற நம்பர கணிப்போட கூட்டுங்க. 6 வந்தா 206 அரைங்க.

மாசம் ஒருக்கா புது டேட்டாவ சேத்து மறுபடி ஓட்டுங்க. அதோட, நம்பரப் பாக்குறதுக்கு முன்னாடியே அத்தைய ஒரு நம்பர் சொல்லச் சொல்லி அதையும் ஒரு கட்டத்துல எழுதி வைக்கிறேன். சாதா நாள்ல எக்செல் கொஞ்சம் முந்துது. தீபாவளிக்கு மொத நாளு மட்டும் நான் வாயே தொறக்குறதில்ல, ரெண்டு வருச டேட்டாவுல அப்படி நாளு ரெண்டே ரெண்டுதான் இருக்கு, அத்த இருபது தீபாவளி பாத்தவங்க.