அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் பொருத்துவது எப்படி

அம்பாசடருக்கு இன்ஜெக்‌ஷன் என்றதும், சிலிண்டருக்கு ஒன்றாக நாலு இன்ஜெக்டர் வாங்கிவிடத் தோன்றும். வாங்காதீர்கள். கார்ப்பரேட்டர் இருந்த இடத்திலேயே, த்ராட்டிலுக்கு (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வ்) கீழே இரண்டு இன்ஜெக்டர் வைப்பதுதான் இந்த இன்ஜினுக்குச் சரி.

காரணம் ஹெட். இது பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின். காற்று உள்ளே போக ஹெட்டில் இரண்டே வழிகள்: 1, 2 சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒன்று, 3, 4-க்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஆகவே ஒரு வழியில் 2 இழுத்த கையோடு 1 இழுக்கும். மறுவழியில் 3 இழுத்ததும் 4 இழுக்கும். அதன்பின் அடுத்த முறை வரும்வரை அந்த வழி சும்மா கிடக்கும். ஹெட்டை ஒட்டி இன்ஜெக்டர் வைத்தால், அந்த இடைவெளியில் தெளித்த பெட்ரோல் அங்கேயே தேங்கி, முதலில் திறக்கும் 2, 3-க்குப் போய்விடும். ஓரத்து 1, 4 லீனாக (பெட்ரோல் குறைந்து) ஓடிச் சூடேறும். சைலன்சர் பைப்பில் உள்ள சென்சார் நாலின் சராசரியைத்தான் பார்க்கிறது. எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். அதற்குள் பிஸ்டன் கெட்டுவிடும்.

இதே போல ஐந்து துளை ஹெட் (காற்றுக்கு இரண்டு, புகைக்கு மூன்று) கொண்ட மினிக்கு ரோவர் 1991-ல் த்ராட்டிலில் ஒரே இன்ஜெக்டர்தான் வைத்தது. 1996-ல் வழிக்கு ஒன்றாக இரண்டு வைத்தபோது, எந்த சிலிண்டர் எப்போது இழுக்கிறது என்று பார்த்துத் தெளிக்கும் ஏற்பாடும் தேவைப்பட்டது. வீட்டு ஷெட்டில் செய்யும் வேலைக்கு த்ராட்டிலில் தெளிக்கும் முதல் முறையே போதும்.

தொடங்கும் முன் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் இன்ஜின் வேலை. தேய்ந்த இன்ஜினை இன்ஜெக்‌ஷன் சரிசெய்யாது. டைனமோ உள்ள வண்டி என்றால் அதை எடுத்துவிட்டு குறைந்தது 45 ஆம்ப் ஆல்டர்னேட்டர் போடுங்கள். பம்ப், இன்ஜெக்டர், சென்சார் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 12 முதல் 15 ஆம்ப் இழுக்கும், ஐடிலிங்கில் டைனமோவால் முடியாது. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்றும் பாருங்கள். பாசிட்டிவ் போனால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகே இசியுவை (இன்ஜெக்டரை இயக்கும் கம்ப்யூட்டர்) தொடலாம்.

இன்ஜெக்டர் அளவு

சுமார் 50 குதிரைத்திறனுக்கு மணிக்கு 11.5 கிலோ பெட்ரோல், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 260 சிசி. இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் மொத்தம் குறைந்தது 325 சிசி வேண்டும். 3 பார் அழுத்தத்தில் 200 முதல் 220 சிசி தரும் இரண்டை வாங்கி, மாறி மாறித் திறக்க வையுங்கள். ஒரே பெரிய இன்ஜெக்டர் என்றால் ஐடிலிங்கில் திறக்கும் நேரம் மிகக் குறைந்து, அளவு தடுமாறும். ஓம் மீட்டரில் 12 முதல் 16 வரை காட்டுவதையே எடுங்கள். 2, 3 ஓம் காட்டுவதை மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற இசியுவில் நேராக இணைத்தால் அதன் உள்ளே இன்ஜெக்டரை இயக்கும் சர்க்யூட் எரியக்கூடும்.

38 முதல் 40 மி.மீ. த்ராட்டில் பாடி தாராளம். டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்), ஐடில் வால்வ் இரண்டும் அதிலேயே இருக்கட்டும். அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே லேத் பட்டறையில் 40 மி.மீ. உயர அலுமினியக் கட்டை ஒன்று கடைந்து, இரண்டு இன்ஜெக்டரும் சாய்வாகக் கீழ்நோக்கித் தெளிக்கும்படி துளை போடச் சொல்லுங்கள். கட்டையின் இரு முகமும் சமமாக இருக்க வேண்டும். பின்னால் ஐடிலிங் ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் இந்தக் கட்டையின் பேக்கிங்கில் புகும் காற்றின் மேல்தான். இன்லெட் மேனிஃபோல்டு எக்ஸாஸ்ட் மேல் உட்கார்ந்து சூடு வாங்கும் இடத்தை அடைத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவியாக அந்தச் சூடு வேண்டும். இன்ஜெக்டருக்கும் ஹோஸுக்கும் மட்டும் தகடு மறைப்பு போதும்.

பெட்ரோல் லைன்

பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்ற வேண்டாம். அது 1 முதல் 1.5 லிட்டர் ஸ்வர்ல் பாட் (பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு கலம்) ஒன்றை நிரப்பட்டும். அதன் அடியிலிருந்து 3 பார் எலக்ட்ரிக் பம்ப் இழுக்கட்டும். இப்படிச் செய்தால் டேங்கில் பெட்ரோல் குறைந்து, வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை இழுக்காது. பாட்டை எக்ஸாஸ்ட் இல்லாத பக்கம் பொருத்துங்கள். பம்ப் அதன் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பம்புக்கு முன் 100 மைக்ரான் ஃபில்டர், பின் 10 மைக்ரான். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் ரிட்டர்ன் ஸ்வர்ல் பாட்டுக்கு, பாட்டின் உச்சியிலிருந்து வழிவது 8 மி.மீ. லைனில் டேங்குக்கு. ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸை மேனிஃபோல்டில் இணையுங்கள், ஏனென்றால் இன்ஜெக்டர் த்ராட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

இன்ஜெக்‌ஷனுக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 ஹோஸும் அதற்குரிய கிளாம்பும் தவிர வேறெதுவும் கூடாது. கார்ப்பரேட்டர் ஹோஸ் 3 பாரில் கழன்று, சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலை அடிக்கும். இப்போது பங்கில் வருவது இ20 பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கும். மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரமையும் மாற்றிவிடுங்கள். டேங்க் உள்ளே துரு இருந்தால் சுத்தம் செய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

பம்புக்கு இசியு கட்டுப்படுத்தும் ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ், மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் மூன்றும் கட்டாயம். இன்ஜின் நின்றதும் பம்ப் நிற்க வேண்டும்.

சென்சாரும் வயரிங்கும்

மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கு அங்கிருந்து தனி ஹோஸ். தண்ணீர் வெப்ப சென்சார் தெர்மோஸ்டாட் அருகே, காற்று வெப்ப சென்சார் ஏர் கிளீனரில். எல்எஸ்யு 4.9 ஆக்சிஜன் சென்சாருக்கு, பைப்புகள் ஒன்றுசேர்ந்த இடத்துக்கு 50 முதல் 60 செ.மீ. தள்ளி 18 மி.மீ., 1.5 பிட்ச் நட்டை வெல்டிங் வையுங்கள். படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சென்சாரில் விரிசல் விழும்.

வேலையை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டு, பாயின்ட்டுக்குப் பதில் ஹால் சென்சார் போட்டு, பெட்ரோலை மட்டும் இசியுவிடம் கொடுங்கள். வண்டி ஒழுங்காக ஓடியபின் கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), 1 மி.மீ. இடைவெளியில் சென்சார், 1-4, 2-3 ஜோடிக்கு காயில் என்று இக்னிஷனுக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், ஸ்டார்ட் ஆகாதபோது கோளாறு எதில் என்றே கண்டுபிடிக்க முடியாது.

பிளக் வயர் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக இருக்கட்டும். செம்புக் கம்பி வயரின் இரைச்சலில் இசியு திடீர் திடீரென்று ரீசெட் ஆகும். பெட்ரோல் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவார்கள். சென்சார் எர்த் இசியுவிலேயே முடிய வேண்டும். இசியுவின் பவர் எர்த் இன்ஜின் பிளாக்கில், ஒரே போல்ட்டில்.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பானைக் கையருகே வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் 10 நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

டியூனிங்கில் காற்று-பெட்ரோல் விகித எண்ணை விட்டுவிட்டு லாம்ப்டாவைப் பாருங்கள் (1.0 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், மேலே லீன்). எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய 14.7 பொருந்தாது. ஐடிலிங்கில் 0.92 முதல் 0.95, சீராக ஓடும்போது 1.0, முழு ஆக்சிலரேட்டரில் 0.86 முதல் 0.88. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இசியுவில் உள்ள பெட்ரோல் அளவு அட்டவணையைத் திருத்துங்கள். கோல்டு ஸ்டார்ட் எண்களை அடுத்தடுத்த காலைகளில் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் திணறுகிறதா? சென்சார் அந்த நொடியில் லீன் காட்டினால் ஆக்சலரேஷன் என்ரிச்மென்ட்டை (மிதிக்கும்போது இசியு தரும் கூடுதல் பெட்ரோல்) கூட்டுங்கள். ரிச் காட்டினால் குறையுங்கள். கடைசியில் நாலு பிளக்கையும் கழற்றி ஒன்றாக வைத்துப் பாருங்கள்: 1, 4 மட்டும் வெளுத்திருந்தால் லாம்ப்டா என்ன சொன்னாலும் முழு லோடில் கொஞ்சம் ரிச் செய்யுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பொருள் வாங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய கார்ப்பரேட்டரை எண்ணெய் தடவிப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.