பழைய கைக்கருவிகளுக்குப் புதுக் காம்பு பொருத்தும் முறை

கோடரி, சுத்தியல் போன்ற கருவிகளின் தலையை நிறுத்தி வைப்பது ஆப்புதான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், கண்ணின் (தலையில் காம்பு நுழையும் துளையின்) உட்சுவரோடு மரம் எல்லாப் பக்கமும் ஒட்டி உட்காருவதே தலையை நிறுத்துகிறது. ஆப்பு அந்தப் பிடிப்பை இறுக்க மட்டுமே செய்கிறது. ஆகவே வேலையின் பெரும்பகுதி நேரத்தைப் பொருத்திப் பார்ப்பதற்கே ஒதுக்க வேண்டும்.

பழைய காம்பைத் தலையின் அடியிலேயே ஒட்ட அறுத்துவிட்டு, கண்ணுக்குள் எஞ்சிய மரத்தில் நெருக்கமாகத் துளைகளிட்டு, கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி அடித்து வெளியேற்றுங்கள். ஆப்பு இறங்கி மரம் விரிந்திருப்பது மேற்புறத்தில் என்பதால், எதிர்த்திசையில் அடித்தால் அது இன்னும் இறுகும். தலையை நெருப்பிலிட்டு மரத்தை எரித்தெடுக்கவே கூடாது. வெட்டுவாய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் எஃகின் பதம், அதாவது அதன் கடினத்தன்மை, இறங்கிவிடக்கூடும். அதை மீட்க மறுபடியும் பதமிட வேண்டியிருக்கும்.

புதுக் காம்புக்கு ஆஷ், ஹிக்கரி, கருவேலம் போன்ற, அதிர்ச்சியைத் தாங்கும் உறுதியான மரம் ஏற்றது. மரத்தின் வகையைக் காட்டிலும் அதன் இழையோட்டத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறும் இழை, ஓங்கி அடிக்கும்போது அந்த இடத்திலேயே பிளக்கும். மரம் நன்றாக உலர்ந்திருப்பதும் கட்டாயம், ஏனெனில் ஈரமரம் பின்னர் சுருங்கித் தலையைத் தளர்த்திவிடும்.

காம்பின் நுனியைக் கண்ணின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செதுக்கிக்கொண்டு, கண்ணின் உட்சுவரில் பென்சில் கரியைத் தடவிச் செருகிப் பார்த்துக் கழற்றுங்கள். கரி ஒட்டிய இடங்களை மட்டும் அரத்தால் மெல்ல எடுத்து, மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. அதிகமாக எடுத்துவிட்ட மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. இறுதியாகச் செருகும்போது, தலை கீழே தொங்குமாறு காம்பைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் அடிமுனையை மரச்சுத்தியால் தட்டினால், கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, காம்பு அதற்குள் ஏறும்.

ஆப்புக்கான பிளவை, காம்பைச் செருகுவதற்கு முன்பே, கண்ணின் நீளவாக்கில், அதன் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ரம்பத்தால் அறுத்து வைத்திருக்க வேண்டும். உலர்ந்த கடினமரத்தால் செய்த ஆப்பை, மேலும் இறங்க மறுக்கும்வரை அடித்து இறக்கி, மிகுதியை அறுத்துவிடுங்கள். தளர்ந்த தலையை நீரில் ஊறவைத்து இறுக்குவது பரவலான பழக்கம்தான். ஆனால் உப்பிய மரம் இரும்புக்குள் நசுங்கி, உலர்ந்தபின் முன்னைவிட அதிகமாகத் தளரும்.

கடைசியாக உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். வார்னிஷ் பூசிய வழுவழுப்பான காம்பு, நெடுநேர வேலையில் உள்ளங்கையைக் கொப்பளிக்க வைக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். எனவே வெட்டவெளியில் விரித்து முழுவதும் உலர்த்திய பிறகே அதை அப்புறப்படுத்துங்கள்.