புதிதாக வரும் நர்ஸுக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

மெடிக்கல் வார்டில் என்னோடு டியூட்டிக்கு வரும் புதுப் பெண்ணுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இன்சுலின்தான். ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்திருப்பாள். பாடம் தெரியும், கைதான் தயங்கும்.

முதலில் நீங்கள் செய்யுங்கள், அவள் பார்க்கட்டும். ஏன் செய்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் வயலும் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. எல்லாவற்றையும் டிரேயில் அருகருகே வைத்து, "100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் எவ்வளவு போகும்மா?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கணக்குப் போடட்டும். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லி, 100 வயலில் அது 50 யூனிட்! இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் அவள் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), சர்க்கரை அளவு, சாப்பாடு வந்துவிட்டதா, டோஸை இன்னொரு நர்ஸ் சரிபார்த்தாரா என எல்லாவற்றையும் அவளே கேட்க வேண்டும்.

சின்னத் திருத்தங்களை நோயாளி முன்னால் சொல்ல வேண்டாம், டியூட்டி ரூமில் பேசிக்கொள்ளலாம். டோஸ் தவறு என்றால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள்.

தனியாக நைட் டியூட்டிக்கு விடும் முன், சர்க்கரை 70க்குக் கீழே போனால் என்ன செய்வாள் என்று சொல்லச் சொல்லுங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி டெஸ்ட். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.